ஜுரமும் இழுப்பும்

ராசிபுரத்துப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக் கொள்வோம். இரவு பத்து மணி. எட்டு வயதுப் பையனுக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. திடீரென்று கண் செருகுகிறது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. தாயார் அலறுகிறாள். பாட்டி இரும்புச் சாவியைத் தேடி ஓடுகிறாள். அடுத்த வீட்டுக்காரரோ, "பயப்படாதீர்கள், அம்மா! எங்கள் குழந்தைக்கும் இரண்டு வயதில் இப்படித்தான் வந்தது, தானே போய்விட்டது" என்று தைரியம் சொல்லுகிறார்.

சாவியால் பயனில்லை என்பதைப் பலரும் அறிவார்கள். ஆனால் சாவியைக் காட்டிலும் அந்தத் தைரியத்தில்தான் அபாயம் அதிகம் என்பது நமது அபிப்பிராயம்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையில், நூற்றுக்கு 2 முதல் 5 குழந்தைகளுக்கு ஜுரத்தின்போது இழுப்பு வருவதுண்டு. பெரும்பாலும் அது சில நிமிஷங்களில் நின்றுவிடும். அறிவுக்கு ஊனம் செய்யாது. 'வேளைக்கு மாத்திரை கொடுக்கவில்லையே!' என்று தாய்மார் தங்களை நொந்துகொள்ளவும் வேண்டியதில்லை. பாராசிட்டமால் ஜுரத்தின் உபாதையைக் குறைக்குமேயன்றி இழுப்பைத் தடுப்பதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

ஆறு வயதைக் கடந்த பிள்ளைக்கு முதன்முறையாக வந்தால் விஷயம் வேறு. சில குடும்பங்களில் இந்த இழுப்பு பரம்பரையாக வந்து, ஆறு வயதுக்குப் பிறகும் தொடர்வதுண்டு. 1997-ல் ஆஸ்திரேலிய டாக்டர்களான ஷெஃபர், பெர்கோவிக் இருவரும் இதை விவரித்தார்கள். ஆனால், மூளையுறையில் அழற்சியோ மூளைக் காய்ச்சலோ இல்லையென்று தெரிந்துகொண்ட பிறகுதான் அப்படி எண்ணி ஆறுதல் அடையலாம்.

ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1955-ல், வேலூர் வட்டாரத்தில். பன்றியிடமும் கொக்கு நாரையிடமும் உள்ள கிருமியை, வயல் நீரில் பெருகும் கொசு மனிதருக்குக் கொண்டுவருகிறது. மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கத்து நெல் வயல்களைப் பார்க்கும்போது இது நினைவிருக்க வேண்டும். இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. தனி மருந்து இல்லை.

ஆகையால், இழுப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் புகட்டாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். நின்றுவிட்டாலும், ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை அன்றிரவே சேலம் அல்லது நாமக்கல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். கடுந் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, தெளியாத மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாழிகைகூடத் தாமதிக்கலாகாது.

இன்னும் ஒன்று. பெண் குழந்தையானால், 'நாளைக்குக் கலியாணம் ஆக வேண்டுமே' என்று விஷயத்தை மூடி மறைப்பவர்கள் உண்டு. ஹிந்து விவாகச் சட்டத்திலிருந்தே 1999-ல் வலிப்பு நோயைத் தடைகளின் வரிசையிலிருந்து நீக்கிவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்டதை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? மறைத்த நோயை டாக்டரும் தீர்க்க முடியாது. பிள்ளை பிழைத்து வளரட்டும். கலியாணத்தைப் பிறகு பேசிக் கொள்வோம்.