சுட்ட இறைச்சியைத் தேடிச் செல்லும் சாலையில் நாம் தொலைப்பவை



விடுமுறை நாளில் அஸர் தொழுகை முடிந்ததும் நம் வீட்டுக் கார்கள் புறப்பட்டுவிடுகின்றன. கோவையிலிருந்து வாளையாறு கடந்து பாலக்காட்டுக்கு, சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு. தேடிச் செல்வது உறவினரை அன்று. நல்ல அல்ஃபஹமையும் மந்தியையும்.

உணவின் மீது நாம் குறை கூறவில்லை. அல்ஃபஹம் என்னும் அரபுச் சொல்லுக்குக் கரி என்பதே பொருள். மந்தி ஏமனின் ஹள்ரமவுத் பகுதிக்குரியது. முறையாக அறுக்கப்பட்ட இறைச்சியாயின் தாராளமாக உண்ணலாம். மனைவி மக்களை வெளியே அழைத்துச் சென்று மகிழ்விப்பதும் நற்செயலே. ஆயினும், "ஹலால்தானே, எங்கள் உழைப்பின் பணம்தானே, இதில் என்ன தவறு?" என்று கேட்போருக்கு நம் மறுமொழி இதுதான்: ஹலால் என்பது தட்டில் உள்ள இறைச்சியோடு முடிந்துவிடுவதில்லை.

மஃரிபின் நேரம் குறுகியது. அது நெடுஞ்சாலையிலேயே கழிந்துவிடுகிறது. மேசைக்காகக் காத்திருக்கையில் இஷா தள்ளிப்போகிறது. நள்ளிரவு கடந்து வீடு திரும்பியோரின் காதில் ஃபஜ்ர் பாங்கு விழுவதில்லை. "பயணிக்குச் சலுகை உண்டே" என்பர் சிலர். அறிஞர்களில் பெரும்பாலோர் அதற்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவையேனும் நிபந்தனையாக்கியுள்ளனர். அச்சலுகையும் தொழுகையை எளிதாக்க வந்ததேயன்றி, கைவிட வந்ததன்று. வழியில் பெட்ரோல் நிலையத்தைத் தவறாமல் கண்டுகொள்ளும் நமக்குப் பள்ளிவாசலின் மினாரா மட்டும் ஏன் தென்படுவதில்லை?

அடுத்தது வீண்விரயம். நால்வர் உண்ணும் சஹனை மூவருக்கு வரவழைத்து, படம் எடுத்து, பாதிச் சோற்றை அப்படியே விட்டு எழுகிறோம். உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே வசனத்தில் (7:31) விரயத்தை அல்லாஹ் தடுத்திருப்பதை அறியாதவர்களா நாம்? திரும்பும் வழியெல்லாம், "போன கடையே மேல், இதில் உப்புக் குறைவு" என்ற விமர்சனம் வேறு. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள்.

சுட்ட இறைச்சிக்குக் குர்ஆனிலும் ஓர் இடம் உண்டு. இப்ராஹீம் (அலை) அவர்கள் முன்பின் அறியாத விருந்தினருக்காகத் தாமதமின்றிப் பொரித்த கன்றைக் கொண்டுவந்த செய்தி 11:69 வசனத்தில் இடம்பெறுகிறது. அவர்களின் அடுப்பு பிறருக்காக மூண்டது. நாமோ நம் நாவுக்காக மட்டும் நெடுந்தொலைவு ஓடுகிறோம். குழம்பில் நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்தாகிய நாம், அந்த அண்டை வீட்டுப் படியேறி எத்தனை நாளாயிற்று?

ஆகவே, பயணத்தை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை, திருத்துங்கள் என்கிறோம். எந்த ஊர்ப் பள்ளியில் மஃரிப் என்பதை முடிவு செய்துவிட்டு வண்டியை எடுங்கள். உண்ணும் அளவுக்கே வரவழையுங்கள். வழியில் இருக்கும் வயதான மாமியையோ பெரியத்தாவையோ கண்டு வாருங்கள். காரில் ஓர் இடம் காலியாக இருந்தால், அத்தகைய விருந்தை எண்ணிப்பார்க்க இயலாத வீட்டுப் பிள்ளையை அதில் அமர்த்துங்கள். அப்போது அந்தக் கரியடுப்பின் புகையும் நமக்கு நன்மையாக எழுதப்படலாம்.

நம் உணவிலும் பயணத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.