கிரெடிட்டா, வாராக்கடனா?

பி.காம் சேர்ந்த முதல் வாரத்திலேயே பற்று, வரவு சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கிரெடிட் என்றால் வரவு. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், கிரெடிட் என்றால் வாராக்கடன் என்பார்கள் :-)

சும்மா சொல்லவில்லை. என் தோழி ஒருத்தி. அப்பாவுக்கு வெளிமாநிலத்துக்கு டிரான்ஸ்ஃபர். இரண்டு வருடம் முடித்து, ஒரு அரியர்கூட இல்லாமல், 80 கிரெடிட்டோடு கிளம்பினாள். "எல்லாம் ஆன்லைனில் ஏறிவிட்டதும்மா, நேராக மூன்றாம் வருடம்தான்" என்றார்கள் இங்கே. அங்கே போய், சேர்ந்து, பணமும் கட்டி, ஆறு வாரம் கழித்து ஒரு தாளை நீட்டினார்கள். ஏற்றுக்கொண்டது 44. மீதி 36? கிட்டத்தட்ட ஒரு வருடப் படிப்பு, போயே போச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து, தேர்விலும் தேறினால் ஒரு கிரெடிட். 2021 ஜூலையில் யு.ஜி.சி. 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' விதிமுறைகளைக் கொண்டுவந்தது. எங்கே படித்தாலும் கிரெடிட் உங்கள் கணக்கில் சேரும், அதிகபட்சம் 7 வருடம் செல்லும், பிறகு அதைக் காட்டிப் பட்டம் வாங்கலாம். நல்ல யோசனைதான். கோளாறு அந்த 'பேங்க்' என்ற பெயரில்தான் ஆரம்பிக்கிறது. பேங்கில் 100 ரூபாய் போட்டால் எந்தக் கிளையிலும் 100 ரூபாய் கிடைக்கும். இங்கே அப்படி இல்லை. இரண்டு கத்தரிக்கோல் காத்திருக்கிறது.

முதல் கத்தரி: பட்டம் கொடுக்கும் நிறுவனத்திலேயே குறைந்தது 50 சதவீத கிரெடிட் வாங்கியிருக்க வேண்டும். இரண்டாவது: பட்டத்துக்கு அவசியமான முக்கியப் பாடங்களின் கிரெடிட் கணக்கும் தனியாக நிறைவாக வேண்டும். நீங்கள் படித்த பேப்பரும் அவர்களுடைய பேப்பரும் ஒன்றுதானா என்பதை அங்கே இருக்கிறவர்கள்தான் முடிவு செய்வார்கள். அதாவது 50 சதவீதம் என்பது உச்சவரம்பு மட்டும்தான். அவ்வளவும் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. என் தோழி 60 கிடைக்கும் என்றுகூட நம்பியிருக்கக் கூடாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2022 டிசம்பரில் வந்த யு.ஜி.சி. பாடத்திட்டக் கட்டமைப்புப்படி மூன்று வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். இரண்டு வருடம் முடித்தால் 80. வேண்டுமானால் டிப்ளமோவோடு வெளியேறலாம், பிறகு திரும்ப வந்து சேரலாம் என்கிறது அதே கட்டமைப்பு. ஆனால் வேறு இடத்தில் சேர்ந்தால் 120-இல் பாதி, அதாவது 60, அங்கே வாங்கியாக வேண்டும். மீதி இருப்பதோ 40! ஆக, எல்லாப் பேப்பரும் அப்படியே ஒத்துப்போனாலும் 20 கிரெடிட் அம்போ. ஒரு முழு செமஸ்டர். மூன்று செமஸ்டரோடு மாறினால் கணக்கு சரியாக வரும், ஆனால் நடு வருடத்தில் எத்தனை இடத்தில் கதவு திறந்திருக்கிறது? நான்கு வருட, 160 கிரெடிட் படிப்பென்றால் பாதி 80, இந்த முதல் கத்தரி வெட்டாது. கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். சேரும் முன்னால் ஏன் யாருமே சொல்வதில்லை?

"வரம்பே கூடாதா? கடைசி செமஸ்டரில் வந்து சேருகிறவனுக்கெல்லாம் பட்டம் கொடுக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது, கூடாது. ஒரு பல்கலைக்கழகம் தன் பெயரைப் போட்டுச் சான்றிதழ் கொடுத்தால், அதில் பாதியாவது தான் சொல்லிக் கொடுத்ததாக இருக்க வேண்டும். நியாயம். என் சண்டை வரம்போடு இல்லை. பணத்தைக் கட்டச் சொல்லிவிட்டு, பிறகு வரம்பைச் சொல்கிறார்களே, அதோடுதான்.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய அமெரிக்க மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழந்தார்கள் என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் மதிப்பிட்டது. கவனியுங்கள், கணக்குப் பார்த்தது தணிக்கைக்காரர்கள்! ஏனென்றால் வீணாவது நேரம் மட்டும் இல்லை, பணமும்தான். ஒரு செமஸ்டர் கட்டணம், விடுதி, சாப்பாடு, ஒரு வருடம் தள்ளிப்போகும் சம்பளம். இதையெல்லாம் யார் கணக்கில் பற்று எழுதுவது? அப்பா கணக்கில்தான்.

கேட்பது ஒன்றே ஒன்று. கட்டணம் வாங்கும் முன்னால், எந்தப் பேப்பருக்கு எத்தனை கிரெடிட் ஏற்கப்படும், எது ஏற்கப்படாது என்று எழுத்தில் கொடுங்கள். கடன் கொடுக்கும் வங்கிகூட கையெழுத்துக்கு முன்னால் வட்டியைச் சொல்கிறது.

மாறப் போகிற மக்களே, டி.சி. வாங்கும் முன் மூன்று வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பேப்பரின் பாடத்திட்டத்தையும் கல்லூரி முத்திரையோடு வாங்கி வையுங்கள். போகிற இடத்தில் எத்தனை கிரெடிட் ஏற்பார்கள் என்று எழுதிக் கேளுங்கள். முடிந்தால் முதல் வருட முடிவிலேயே மாறுங்கள். "பார்த்துக்கலாம் தம்பி" என்று வாய்வார்த்தை சொன்னால் நம்பாதீர்கள். வவுச்சர் இல்லாமல் பதிவு கிடையாது என்று நமக்குத்தான் முதல் வருடமே சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே!