சம்பளச் சீட்டில் ஐந்து வெள்ளி

உட்லண்ட்ஸ் பக்கம் வேலைக்குப் போகும் நம் பெண்களில் பலர் சம்பளச் சீட்டின் கடைசி வரியைத்தான் பார்க்கிறார்கள். கைக்கு எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால் போதும். நடுவே ‘சிண்டா’ என்று ஒரு வரி இருக்கும். மூன்று வெள்ளியோ ஐந்து வெள்ளியோ பிடித்திருப்பார்கள். அது எங்கே போகிறது என்று கேட்டால், “கவர்மெண்டுக்கு” என்று பதில் வருகிறது. இல்லை அம்மா, அரசாங்கத்துக்குப் போகவில்லை. உங்கள் அடுத்த புளோக்கில் இருக்கும் பிள்ளைக்குப் போகிறது.

நம் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கிப் போகிறார்கள் என்ற கவலையில் 1991இல் பிறந்தது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். துணைப்பாட வகுப்பு, வீடு தேடி வந்து சிறுவர்களுக்கு வாசிக்கச் சொல்லித் தரும் தொண்டூழியர்கள், கஷ்டப்படும் குடும்பத்துக்கு ஆலோசனை என்று அதன் வேலை விரிந்துவிட்டது. பணத்தை மத்திய சேமநிதிக் கழகம் சம்பளத்திலேயே பிடித்து அனுப்புகிறது. விருப்பமில்லாதவர் படிவம் நிரப்பிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். கூடுதலாகக் கொடுக்க நினைப்பவருக்கும் படிவம் உண்டு; அதைக் கேட்டு வாங்குபவர்கள் எத்தனை பேரோ!

2015 ஜனவரியில் வகுத்த விகிதத்தைப் பாருங்கள். ஆயிரம் வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு ஒரு வெள்ளி. 1,500க்கு மேல் 2,500 வரை ஐந்து வெள்ளி. 15,000க்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் முப்பது வெள்ளி. நம் வீட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டாயிரம் வாங்குபவர் ஆயிரத்துக்கு இரண்டரை வெள்ளி கொடுக்கிறார். இருபதாயிரம் வாங்குபவர் ஆயிரத்துக்கு ஒன்றரை வெள்ளிதான் கொடுக்கிறார். பெரிய சம்பளக்காரர்கள் அந்தக் கூடுதல் படிவத்தை ஒரு முறை தேடிப் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

சின்னத் தொகையைச் சேர்த்துப் பெரிய காரியம் செய்வது நம்மவர்களுக்குப் புதிதா என்ன? கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேளுங்கள். 1957இல் மலாயா சுதந்திரம் அடைந்ததை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். பால்மரம் வெட்டியவர்களுக்கு வேலையும் போயிற்று, லயத்து வீடும் போயிற்று. அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், “மாதம் பத்து வெள்ளி, பத்து மாதம் கட்டுங்கள்” என்று கேட்டார். நாள்கூலி மூன்று, நான்கு வெள்ளியாக இருந்த காலம் அது. பத்து வெள்ளி என்றால் மூன்று நாள் வேர்வை! ஆனாலும் கட்டினார்கள். மறு வருஷமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர்களுக்குச் சொந்தமாயிற்று.

வீட்டுக்கு வீடு ‘கூட்டு’ கட்டிய ஜனங்கள் அல்லவா! (அந்தக் கூட்டுப் பணத்தை நம்பிக் கெட்டவர்களும் நிறையப் பேர். மலேசியாவில் 1971இல் வந்த தடைச் சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற சொல் ஏறிவிட்டது.)

ஒரு வித்தியாசம் உண்டு. பத்து வெள்ளி கட்டிய தொழிலாளி கையில் பங்குப் பத்திரம் இருந்தது. இது என் தோட்டம், கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்பேன் என்ற உரிமை இருந்தது. சிண்டாவுக்குக் கொடுக்கும் ஐந்து வெள்ளி தானாகப் பிடிபடுவதால் தவறாமல் வந்து சேருகிறது. அது பெரிய சௌகரியம்தான். ஆனால் தானாகப் பிடிபடுவதாலேயே கொடுத்தவருக்கு அது மறந்தும் போகிறது. கொடுத்தவரே மறந்துவிட்டால், கேட்க வேண்டியவர் எப்படித் தைரியமாகக் கேட்பார்?

அதைத்தான் நான் பெரிய குறையாக நினைக்கிறேன். மார்சிலிங்கில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தாய்க்குப் பிள்ளை கணக்கில் தவறுவது தெரியும். வகுப்பு நடப்பதும் காதில் விழுந்திருக்கும். “உதவி கேட்டுப் போய் நிற்கிற அளவுக்கு நாங்கள் போகவில்லை” என்று இருந்துவிடுகிறாள். எந்தப் பிள்ளை இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, எந்த வீட்டில் மின்சாரக் கட்டணம் பாக்கி என்பது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களை விட அதே தாழ்வாரத்தில் துணி காயப்போடும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

அவளிடம் பேசப் போனால் ‘உதவி’ என்ற சொல்லை எடுக்காதீர்கள். “உன் வீட்டுக்காரர் சம்பளச் சீட்டை எடு, அக்கா. மாதா மாதம் மூன்று வெள்ளி பிடித்திருக்கிறார்கள், பார். அந்த வகுப்பு உன் பணத்திலும்தான் நடக்கிறது” என்று அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டுங்கள். பிறகு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் கூடவே போய்ப் பெயர் பதிந்துவிட்டு வாருங்கள்.