பழி கார்புரேட்டருக்கு!

மைலேஜ் விழுந்தால் நம்மவர்கள் கை முதலில் போவது கார்புரேட்டர் ஜெட்டுக்குத்தான். இக்னிஷன் டைமிங்கை யாரும் சந்தேகப்படுவதே இல்லை! இது சரியில்லை என்பேன்.

நம்ம பழைய புல்லட்டில் ஸ்பார்க்கை முன்னே தள்ளுவது சுழலும் எடைகள் மட்டுமே. 1980-ல் வந்த ஹோண்டா கோல்டுவிங் ஜிஎல்1100-ல் வேக்குவம் டயாஃப்ரமும் வைத்தார்கள். த்ராட்டிலைக் கொஞ்சமாகத் திறந்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, மெதுவாகத்தான் எரியும். ஸ்பார்க் இன்னும் முன்னாடியே வரணும். முழுசாகத் திறந்தால் வேக்குவம் விழும், அந்த அட்வான்ஸும் போய்விடும்.

டயாஃப்ரம் கிழிந்தால்? வண்டி ஓடும், பெட்ரோல்தான் கூடக் குடிக்கும். சோதிக்க மெஷினே வேண்டாம் நண்பர்களே! ஹோஸை இன்டேக் பக்கம் கழற்றி, வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். அப்படியே பிடித்து நின்றால் நல்ல டயாஃப்ரம். (பெட்ரோல் வாசனைக்கு நான் பொறுப்பல்ல!)

டைமிங் லைட் பிடிக்கும்போதும் ஹோஸைக் கழற்றி, இன்டேக் முனையை அடைத்துவிட வேண்டும். மாட்டியபடியே பார்த்தால் வேக்குவம் தரும் அட்வான்ஸும் கணக்கில் சேர்ந்துவிடலாம். அதை நம்பி செட் பண்ணினால் ஏற்றத்தில் வண்டி இழுக்காது, சைலன்ஸர்தான் கொதிக்கும்.

பரீட்சைக்கு டயாஃப்ரம் படம் நமக்கு மனப்பாடம். லைட்டோ லேப் பீரோவை விட்டு வெளியே வருவதில்லை. "பழைய சமாச்சாரம்தானே" என்கிறார்கள். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில் மேனிஃபோல்டு பிரஷர் சென்சாரும் இசியூவும் சேர்ந்து செய்வது இதே வேலையைத்தானே? இந்த வருஷம் நம்ம யூனியன் முதலில் கேட்க வேண்டியது அந்த பீரோ சாவியைத்தான்.