காசநோய் குடும்பத்துக்குரியதல்ல, கிருமிக்குரியது



கல்யாணப் பேச்சு நடக்கும்போது "அந்தக் குடும்பத்துல டீபீ இருக்காம்" என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், பேச்சு நின்று விடுகிறது. அக்குறணையானாலும் கட்டுகஸ்தோட்டையானாலும் இதே கதைதான். இதனாலேயே பலர் இருமலை மறைக்கிறார்கள். கிளினிக்கில் யாராவது கண்டு விடுவார்களோ என்ற பயம்.

காசநோய் பரம்பரை நோயல்ல. இங்கே பார்க்க வேண்டிய பரம்பரையலகு கிருமியினுடையது.

நுரையீரலுக்குள் வரும் கிருமிகளை விழுங்கி அழிக்கவென்றே நம்மிடம் சில கலங்கள் இருக்கின்றன. காசநோய்க் கிருமியோ, விழுங்கிய கலத்துக்குள்ளேயே சாகாமல் குடியிருக்கும். 1993இல் அமெரிக்காவில் லீ ரைலியின் ஆய்வுக்குழு, இந்தக் கிருமியின் டீ.என்.ஏ. துண்டொன்றைச் சாதாரண ஈ.கோலை பக்டீரியாவுக்குள் வைத்துப் பார்த்தது. மனிதக் கலத்துக்குள் நுழையத் தெரியாத அந்த பக்டீரியா நுழைந்து விட்டது! அந்தப் பரம்பரையலகுக்கு 'எம்.சீ.ஈ.' என்று பெயர். 1998இல் கிருமியின் ஏறத்தாழ 4,000 பரம்பரையலகுகளும் வாசிக்கப்பட்டபோது, இவ்வகைக் கூட்டங்கள் நான்கு இருப்பது தெரிந்தது. அவற்றில் ஒன்று, நம் கலத்துக் கொலஸ்ட்ரோலையே கிருமி உணவாக எடுக்க உதவுகிறது என்று பின்னர் கண்டார்கள். நம் வீட்டில் ஒளிந்து, நம் சோற்றையே தின்கிறது.

இப்படி ஒளிந்து மெதுவாக வாழும் கிருமியை ஒரு வாரத்து மருந்தால் ஒழிக்க முடியாது. வழமையாக ஆறு மாதம் வேண்டும். இருமல் நின்றதும் மருந்தை விட்டால், மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம்.

நோயாளியின் கோப்பையையும் பீங்கானையும் ஒதுக்குவதில் பயனில்லை. இது காற்றில் பரவும் நோய். யன்னலைத் திறவுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். 1950களில் மதராஸில், வீட்டிலிருந்து மருந்தெடுத்தவர்களையும் சனட்டோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். 1959இல் முடிவு வந்தது: வீட்டுச் சிகிச்சையும் நல்ல பலன் தந்தது, வீட்டாருக்கு அதனால் மேலதிக ஆபத்தும் இருக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளியைப் பரிசோதியுங்கள். அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஜும்ஆவுக்குப் பின் இதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசும்படி பள்ளி நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறேன். மருந்தை முடித்துக் குணமானவரின் வீட்டில் சம்பந்தம் செய்ய யாரும் தயங்க வேண்டியதில்லை.