டார்ச்சுக்கு எதற்கு நம் விலாசம்?

கரண்ட் போன இரவில் செருப்பைத் தேட ஒரு டார்ச் செயலி; அதற்கு நாம் இருக்கும் இடம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? அமெரிக்காவில் அப்படியொரு செயலி, பயனர் சம்மதம் சொல்லும் முன்பே இருப்பிடத்தை வெளியாருக்கு அனுப்பியதாக 2013இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது.

நமது 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்ல உதாரணமே தருகிறது: மருத்துவ ஆலோசனைச் செயலி தொடர்பு எண்களையும் கேட்டு, நாம் தலையாட்டியிருந்தாலும் சேவைக்குத் தேவையற்ற அந்த எண்களுக்கான சம்மதம் செல்லாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் அதே அளவு எளிதாக இருக்க வேண்டுமாம். நடப்பில், கொடுக்க ஒரு தட்டு. திரும்பப் பெற ‘செட்டிங்ஸ்’ என்ற குகைக்குள் நுழைந்து தேட வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆனால் சம்மதம் கோரும் அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம் என்கிறது சட்டம். இச்சட்டத்தின் கீழான தரவுப் பாதுகாப்பு வாரியம் முதலில் கை வைக்க வேண்டிய இடம், சம்மதத்தைத் திரும்பப் பெறும் அந்தக் குகைதான்.