தறி ஏன் நின்றது?

"அம்மா, இன்றைக்கும் முதல் பீரியட் இல்லை. மேடம் வரவில்லை!" என்று கல்லூரியில் படிக்கும் பெண் பையை ஊஞ்சலில் போட்டால் நமக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமா? "சம்பளம் வாங்க மட்டும் தெரிகிறதா?" என்று அடுப்படியில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சென்ற வாரம் புடவை எடுக்கக் காஞ்சீபுரம் போயிருந்தேன். நெசவாளர் வீட்டில் தறி சும்மா கிடந்தது.

"ஏன் பெரியவரே, இன்றைக்கு லீவா?"

"எனக்கு லீவு இல்லேம்மா. கோர்வைப் புடவைக்குக் கரை நாடா போட பக்கத்திலே ஓர் ஆள் வேணும். தம்பி சம்சாரம்தான் போடும். அதுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல். மாத்து ஆள் கிடைக்கலே."

அவருக்கு அந்தப் பெண்மீது கோபம் இல்லை. மாற்று ஆள் இல்லையே என்றுதான் வருத்தம்!

கல்லூரி விஷயமும் இதுதானோ என்று தோன்றியது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அஸீம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளைப் பார்த்தது. காரணமின்றி வராத ஆசிரியர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான். மற்றவர்கள் விடுப்பிலோ, வேறு பணியிலோ இருந்தார்கள். அது பள்ளிக் கணக்கு. ஆனால் கல்லூரி ஆசிரியர்களுக்கும் விடைத்தாள் திருத்துவது, தேர்தல் வேலை, பயிற்சி முகாம் எல்லாம் உண்டு. சென்னையில் குடும்பத்தை வைத்துக்கொண்டு தினமும் காஞ்சிக்கு வந்து போகிறவர்களுக்கு, ஒரு ரயில் தவறினால் முதல் வகுப்பும் தவறிவிடும்.

பிரசவ விடுப்பையே பாருங்கள். தமிழக அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 2011-ல் அது ஆறு மாதமாயிற்று. 2021 ஜூலை முதல் ஒரு வருஷம். தாய்க்கு நியாயமான உரிமை; யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்த வருஷம் முழுவதும் பதில் ஆள் போடாவிட்டால், நம் பெண்ணின் படிப்பல்லவா நின்றுபோகும்?

காரணமே இல்லாமல் மட்டம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக வாதாட நான் வரவில்லை. நிர்வாகம் கண்டிக்கட்டும்.

சகோதரிகளே, அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, "அவர் ஏன் வரவில்லை?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "அவர் வராத நாளில் யார் பாடம் எடுத்தார்கள்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் அப்போது லீவில் இருக்க முடியாது; நம் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்!